ஒரு வருஷத்து மளிகை: கடற்கரை ஈரத்தில் எதைச் சேர்த்து வைக்கலாம், எப்படி?

கடலோரம் கேட்டது:

வணக்கம். வீடு திருவான்மியூரில், ரெண்டாம் மாடி, கடலுக்குக் கிட்டத்தில். 4 பேர். சம்பா, தாளடி அறுவடை அரிசி வர ஆரம்பித்துவிட்டது. புளி, மிளகாய் வத்தல், மல்லியும் பங்குனிக்குள் வந்துவிடும். மாதாமாதம் வாங்குவதை விட்டுவிட்டு ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வாங்கலாம் என்று யோசனை.

போட்ட கணக்கு: பொன்னி புழுங்கல் 180 கிலோ, இட்லி அரிசி 70, துவரம்பருப்பு 40, உளுந்து 20, முழுப் பயறு வகைகள் (பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு) சேர்த்து 20, புளி 10, வத்தல் 8, மல்லி 8, நல்லெண்ணெய் 2 டின். பாத்திரம் என்று பார்த்தால் 50 லிட்டர் எவர்சில்வர் டிரம் மூன்றும் சில பிளாஸ்டிக் வாளிகளும்தான்.

கடையில் கேட்டால் போரிக் பவுடர் கலந்து வைக்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் மாத்திரை போட்டால் வண்டே வராது என்கிறார்கள். ஆக்சிஜன் உறிஞ்சும் பாக்கெட் ஆன்லைனில் கிடைக்கிறது, அது நம் ஊருக்கு உதவுமா? இந்தப் பட்டியலில் எதை ஒரு வருஷத்துக்கு வாங்கக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

---

ஈரமானி எழுதியது:

முதலில் மாத்திரை. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வெளிவரும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் பாஸ்பீன். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. கிடங்குகளில் தார்ப்பாய் போட்டு மூடி, அனுமதி பெற்ற ஆட்கள் மட்டும் கையாளும் சமாச்சாரம். ஆட்கள் தூங்கும் வீட்டுக்குள் ஒரு மாத்திரைகூட வரக் கூடாது. போரிக் பவுடரும் உணவில் சேர்க்க அனுமதி இல்லாத பொருள். "கழுவினால் போயிடும்" என்பார்கள்; எவ்வளவு போகிறது என்பது கழுவுகிறவர் கையைப் பொறுத்தது. குழந்தை சாப்பிடும் சோற்றில் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

இனி அரிசிக்கு வருவோம். வண்டு வெளியிலிருந்து டிரம்முக்குள் ஏறி வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மூட்டையோடு முட்டையாகவே வந்துவிடுகிறது. அரிசி வண்டு மணியைக் குடைந்து உள்ளே முட்டை வைத்து, குடைந்த துளையையும் அடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, புடைத்தாலும் போகாது. சுமார் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு மாதத்தில் முழு வண்டாக வெளியே வரும். வாங்கி ஐந்தாறு வாரத்தில் "திடீரென்று" வண்டு தென்படுவது இதனால்தான். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் முட்டைக்கு அது ஒரு தடையில்லை, உள்ளே காற்று இருக்கும்வரை.

இரண்டாவது, ஈரம். அரிசி 14 சதவீத ஈரத்துக்குக் கீழேயும், பருப்பு 10 முதல் 12 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது அரிசி சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பகுதிக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். திறந்த சாக்கில் இருக்கும் அரிசி அந்தக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானாகவே 15 சதவீதம் வரை ஏறிவிடும். அதன் பிறகு பூஞ்சை, மக்கல் வாடை எல்லாம் வரிசையாக வரும். ஆகவே மழைக்கு முன்பே காற்றுப் புகாமல் அடைத்துவிட வேண்டும்.

வீட்டிலேயே ஈரம் பார்க்க ஒரு வழி உண்டு. பொடி உப்பை வாணலியில் நன்றாக வறுத்து ஆறவிடுங்கள். துளி ஈரமில்லாத முக்கால் லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அரிசி, அதன் மேல் 2, 3 ஸ்பூன் அந்த உப்பு. மூடி, இரண்டு மூன்று நிமிஷம் குலுக்கி, கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். உப்பு கண்ணாடியில் அப்பிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அந்த மூட்டையை அடைக்காதீர்கள். ஒட்டாமல் அடியில் உதிர்ந்து கிடந்தால் அடைக்கலாம்.

ஈரம் கூடுதல் என்று தெரிந்தால் அரிசியை மொட்டை வெயிலில் கொட்டிவிடாதீர்கள். வெயிலில் அரிசி மணி விரிசல் விட்டு, களையும்போது நொய்யாகப் போகும். மின்விசிறிக்கடியில் நிழலில் மெல்லிசாகப் பரப்பி ஒரு நாள் உலர்த்துங்கள்.

அடைக்கும் முறை: எவர்சில்வர் டிரம் மூடி காற்றை நிறுத்தாது. உள்ளே கனமான பாலிதீன் பை (உணவுக்கு ஏற்றது) போட்டு, அரிசியைக் கழுத்துவரை நிரப்பி, பையைக் கையால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் டிரம் மூடி. 50 லிட்டர் டிரம்மில் 40 கிலோ போகும். அரை டிரம் அரிசியும் அரை டிரம் காற்றுமாக வைப்பதுதான் பலர் செய்வது. அந்தக் காற்றில் வண்டு சுகமாகப் பெருகும். ததும்ப நிரப்பி இறுக்கி அடைத்தால் உள்ளே உள்ள பூச்சிகளே இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிட்டுச் சாகும். இதே காரணத்துக்காக, 40 கிலோவை ஒரே டிரம்மில் வைத்துத் தினமும் திறப்பதைவிட, 5 லிட்டர், 10 லிட்டர் பெட் (PET) பிளாஸ்டிக் டப்பாக்களில் பிரித்து அடைத்து ஒவ்வொன்றாகத் திறப்பது மேல். மெல்லிய பாலிதீன் கவர் போதாது, வண்டு அதைக் குடைந்து வெளியே வந்துவிடும்.

ஆக்சிஜன் பாக்கெட் உதவும், ஆனால் கணக்கோடு. உள்ளே இருப்பது இரும்புத்தூள். துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். 10 கிலோ அரிசி சுமார் 12 லிட்டர் இடம் பிடிக்கும். அதில் மணிகளுக்கு இடையே மட்டும் ஏறக்குறைய 5 லிட்டர் காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அதாவது 1 லிட்டர். எனவே 1000 சிசி திறனுள்ள பாக்கெட் ஒன்று, மேலே வெற்றிடம் இருந்தால் இன்னொரு 300. சாதா பாலிதீன் வழியாக ஆக்சிஜன் மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கும். அலுமினியப் படலம் உள்ள கனமான பையில் போட்டு, ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினால்தான் பலன். பாக்கெட் கட்டைப் பிரித்த 15, 20 நிமிஷத்துக்குள் எல்லாப் பையையும் ஒட்டி முடிக்க வேண்டும். சர்க்கரை, உப்புக்கு இது வேண்டாம், கல்லாக இறுகும். ஈரமான பொருளோடு வைப்பது ஆபத்து: காற்றில்லாத இடத்திலும் வளரும் நச்சுக் கிருமி உண்டு.

---

மளிகை மாடம் எழுதியது:

ஈரமானி சார் அடைக்கிறதைச் சொல்லிட்டாரு. வாங்குறதை நான் சொல்றேன்.

250 கிலோ அரிசியையும் ஒரே நாள்ல இறக்காதீங்க. இப்ப வர்றது புது அரிசி. குழையும், ஒட்டும், உலைத்தண்ணி குறைச்சு வைக்கணும். ஆறு மாசம் கழிச்சு அதே அரிசி உதிரியா வரும், தண்ணியும் கூடுதலா கேக்கும். அதனால போன வருஷத்துப் பழசு மூணு மாசத்துக்கு, புதுசு மிச்சத்துக்குன்னு கலந்து எடுங்க. மூட்டைத் தேதி பாருங்க. 2022 ஜூலையில 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததுக்கப்புறம்தான் 26 கிலோ மூட்டை வர ஆரம்பிச்சுது. விலையை ஒப்பிடும்போது கிலோவுக்கு வகுத்துப் பாத்துக்கோங்க.

புழுங்கல் தாங்கும், பச்சரிசி அந்த அளவு தாங்காது. அவிச்ச அரிசி மணி கெட்டி, வண்டு குடைய சிரமப்படும். பச்சரிசி நாலு மாசத்துக்கு மேல வேண்டாம். தவிடு நீக்காத அரிசி, கைக்குத்தல், சிவப்பரிசி எல்லாம் தவிட்டெண்ணெய் இருக்கறதால சிக்கு வாடை வரும், ரெண்டு மூணு மாசத்துக்கு மட்டும்.

துவரம்பருப்பு 40 கிலோ, நாலு பேருக்கு மாசம் மூணு மூணரை கிலோ, சரியான கணக்கு. உடைச்ச பருப்பா இருக்கறதால பயறு வண்டு அவ்வளவா வராது. முழுப் பயறோட வழவழப்பான தோல்லதான் அது முட்டை ஒட்டும். ஆனா பருப்புக்கு வேற தொல்லை: சூட்டுலயும் ஈரத்துலயும் நாளாக நாளாக வேகாது. போர்த் தண்ணியில இன்னும் மோசம், மூணு விசில்ல மலர்றது ஆறு விசில் கேக்கும். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில பருப்பு டப்பா வைக்காதீங்க, வீட்டுலயே குளிர்ச்சியான உள்ளறையில வைங்க.

உளுந்தை வருஷத்துக்கு வாங்காதீங்க. ஆறு மாசத்துக்கு மேல பழசானா அரைக்கும்போது பொங்காது, மாவு காணாது, இட்லி கல்லு மாதிரி வரும். 10 கிலோ இப்ப, 10 கிலோ ஆவணியில. பழைய உளுந்தைப் புதுசோட கலந்து விக்கிறவங்க உண்டு. ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பாருங்க, தூசி வாடை அடிச்சா பழசு.

நல்லெண்ணெய் 2 டின்னும் அதே கதைதான். ஒரு 15 கிலோ டின்னுல 16 லிட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கும். எண்ணெய்கள்ல நல்லெண்ணெய்தான் நல்லா தாங்கும், அதோட இயல்பு அப்படி. இருந்தாலும் செக்கு எண்ணெய்ல அடியில கசடு இருந்தா, அதுல இருக்கற ஈரம் கெடுத்துடும். ஒரு டின் வாங்கி, ரெண்டு நாள் தெளியவிட்டு, கசடு விடாம வடிச்சு, சின்னச் சின்ன கேன்ல வாய்வரைக்கும் நிறைச்சு இருட்டுல வைங்க. கடலை எண்ணெய்னா மூணு மாசத்துக்கு மட்டும்.

கோதுமை மாவு, மைதா, கடலை மாவு, எந்தப் பொடியும் சேர்க்க வேண்டாம். செவப்பு மாவு வண்டு வந்துட்டா மாவே காரமா ஒரு நாத்தம் அடிக்கும், இளஞ்சிவப்பாவும் மாறும். சலிச்சு எடுத்தாலும் அந்த வாடை போகாது, கொட்டிடணும். ரவையை மட்டும் லேசா வறுத்து, முழுசா ஆறவிட்டு அடைச்சா மூணு மாசம் வரும்.

---

சுளகு எழுதியது:

புளி, வத்தல், மல்லி, முழுப்பயறு பத்தி யாரும் எழுதலையே.

மாசி, பங்குனியில புதுப்புளி வரும். பொன்னிறமா, நெகிழ்வா இருக்கணும். வெயில்ல ரெண்டு நாள் போட்டு, ஓடு, கொட்டை, நரம்பு மூணையும் எடுத்திருங்க. நரம்பு ஒண்ணு விட்டாலும் ரசத்துல கசப்பா தெரியும். கொட்டை கிடந்தா அதுல வண்டு வரும். கிலோவுக்கு 100 கிராம் கல் உப்பு, கலக்கி உருண்டையா பிடிச்சு, பீங்கான் ஜாடியில அடியில ஒரு படுக்கை உப்பு, மேல புளி, நடுவுல ஒரு தூவல் உப்பு, கடைசியா மேல உப்புன்னு அமுக்கி அடைங்க. காத்துப் பொந்து விடாம கையால குத்தி அமுக்கணும். வெள்ளைத் துணியால வாயைக் கட்டி மூடி போட்டுடுங்க. எவர்சில்வர், அலுமினியம், இரும்பு எதுலயும் வேண்டாம், புளிப்பும் உப்பும் சேர்ந்து பாத்திரத்தை அரிச்சுப் புள்ளி போட்டிரும். நாள்பட நிறம் கறுக்கும். அது கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, பழம்புளி அப்படித்தான். வெள்ளையாப் பூத்திருந்தா கையில தேச்சுப் பாருங்க: மணிமணியா நெருடுனா உப்பு, பஞ்சு மாதிரி இழுத்தா பூசணம், அந்த ஜாடியைத் தூரப் போடுங்க. எடுக்கும்போது ஈரக்கையை உள்ள விடவே கூடாது.

வத்தல்ல ஏமாறாதீங்க. கடையில வாங்குறது காய்ஞ்ச மாதிரி இருக்கும், எடை நிக்கணும்னு ஈரத்தோட விப்பாங்க. ராமநாதபுரம் குண்டு வத்தல் (2023-ல புவிசார் குறியீடு வாங்கினது) தோல் கனம், அதனால உள்ளே ஈரம் தங்கும். மொட்டை மாடியில ரெண்டு மூணு நல்ல வெயில் காட்டுங்க. காதுகிட்ட வச்சுக் குலுக்குனா விதை கலகலன்னு சத்தம் கேக்கணும், அழுத்துனா மடங்காம நொறுங்கணும். காம்பு கிள்ளாதீங்க, கிள்ளுன இடத்து வழியா ஈரமும் பூச்சியும் உள்ள போகும். உள்ளே கறுத்தோ சாம்பலாவோ இருக்குற வத்தலை ஒண்ணொண்ணா உடைச்சுப் பாத்து ஒதுக்குங்க. அந்தப் பூஞ்சையோட நஞ்சு கொதிக்க வச்சாலும் போகாது, நிலக்கடலைக்கும் இதேதான். வத்தல் முழுசா இருட்டுல இருந்தா நிறம் நிக்கும். பொடியா அரைச்சு வச்சா ரெண்டு மாசத்துல நிறமும் மணமும் குறையும், அதனால ரெண்டு மாசத்துக்கு மட்டும் அரைங்க. மல்லி, விரலி மஞ்சளும் முழுசாவே வைங்க. மல்லியில குண்டூசி முனை அளவு ஓட்டையும் அடியில பொடியும் தெரிஞ்சா பூச்சி குடையுதுன்னு அர்த்தம்.

முழுப்பயறுக்கு விளக்கெண்ணெய். கிலோவுக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். கையில தடவித் தடவிப் பயறு பூரா மினுங்குற வரைக்கும் பிசறணும். பாதிப் பயறு விட்டுப் போனா அதுல முட்டை ஒட்டும். சமைக்கும்போது சுடுதண்ணியில ரெண்டு தடவை கழுவிடுங்க. அதுக்கு முன்னாடி வெயில் சூடு காட்டணும்: மாடியில கறுப்பு பாலிதீன் விரிச்சு, அதுல ரெண்டு விரல் கனம் பயறைப் பரப்பி, மேல கண்ணாடி மாதிரி தெரியுற ஷீட் போட்டு, நாலு ஓரமும் செங்கல் வச்சு அமுக்குங்க. அக்னி நட்சத்திர வெயில்ல 11 மணியிலிருந்து 3 மணிவரை கிடந்தா உள்ளே 60 டிகிரிக்கு மேல ஏறும், முட்டை, புழு எல்லாம் செத்திரும். அரிசிக்கு இந்தச் சூடு ஆகாது, ஈரமானி அண்ணன் சொன்ன மாதிரி நொய்யாயிரும். முக்கியமா, சூட்டோட அள்ளி டப்பாவுல கொட்டிராதீங்க. ராத்திரி முழுக்க ஆறட்டும். சூடா அடைச்சா மூடியில வேர்த்து, அந்தத் தண்ணி மேல் பயறுல சொட்டி முளையோ பூசணமோ கட்டும்.

வேப்பிலை, வசம்பு, வத்தல் போடலாமான்னு கேப்பீங்க. துணியில முடிஞ்சு போட்டா வெளிப்பூச்சி கொஞ்சம் ஒதுங்கும், உள்ள இருக்குற முட்டைக்கு ஒண்ணும் ஆகாது. வேப்பிலை சருகாக் காய்ஞ்சிருக்கணும், பச்சையா போட்டா ஈரத்தை நாமளே கொண்டுபோய் வைக்குற மாதிரி. வசம்பைப் பொடி பண்ணிச் சாப்பாட்டுத் தானியத்துல கலக்காதீங்க. விதைக்கு அப்படிச் செய்யலாம், சமைக்கிறதுக்குக் கூடாது.

---

கடலோரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. உளுந்தைப் பாதியாக்கி, எண்ணெய் ஒரு டின்னாகக் குறைத்துவிட்டேன். டிரம்மில் பழைய அரிசி 12 கிலோ இருக்கிறது, அதில் வண்டு தெரிகிறது. ஓரத்தில் அரிசி நூல் கட்டிய மாதிரி கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கிறது. தூக்கிப் போட வேண்டுமா? புதியதை அதே டிரம்மில் போடலாமா?

---

ஈரமானி எழுதியது:

நூல் கட்டுவது அந்துப்பூச்சியின் புழு. வண்டும் அதுவும் சேர்ந்தே வந்திருக்கின்றன. மக்கல் வாடையோ, நிறம் மாறிய மணியோ இருந்தால் மொத்தமும் போகட்டும். வாடை இல்லையென்றால் மீட்கலாம். கூடு கட்டிய கொத்துகளை எடுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தை வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள்; வண்டு வெளிச்சம் பிடிக்காமல் ஓரத்துக்கு நடக்கும். பிறகு புடைத்து, 3 கிலோ 3 கிலோவாக மூடிய பையில் ஃப்ரீசரில் ஒரு வாரம். -18 டிகிரியில் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் ஆகும். உடனே பிரித்தால் அரிசி வேர்த்துவிடும். அதை முதலில் சமைத்துத் தீர்த்துவிடுங்கள், புதியதோடு கலக்க வேண்டாம்.

டிரம்மில் மூடி மடிப்பு, கைப்பிடி ரிவெட், அடி விளிம்பு மூன்று இடத்திலும் மாவுத்தூசி இருக்கும். பழைய பல் பிரஷால் தேய்த்து எடுத்து, கொதிநீர் ஊற்றி, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ஈரம் சுத்தமாகப் போன பிறகே புதிய அரிசி. தரையில் நேராக வைக்காமல் அரையடி உயரப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஓரத்தில்தான் டிரம் வேர்க்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த வண்டுப் பொறி கிடைத்தால் ஒன்று வாங்குங்கள். துளை போட்ட குழாய், அடியில் புனல் மாதிரி முனை. அரிசியின் மேல் அடுக்கில் செங்குத்தாகக் குத்தி வைத்தால், காற்றுத் தேடி அலையும் வண்டு துளைக்குள் நுழைந்து கீழே விழுந்துவிடும். வண்டை ஒழிக்க அது போதாது. தினமும் திறந்து எடுக்கும் டிரம்மில் மட்டும் வைத்து, வாரம் ஒருமுறை புனலைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று விழுந்திருந்தாலே அந்த டிரம்மைச் சீக்கிரம் காலி செய்யுங்கள்.

---

மளிகை மாடம் எழுதியது:

ஒண்ணு விட்டுப்போச்சு. ஒவ்வொரு டப்பாவுலயும் பொருளோட பேரு, வாங்கின மாசம், எந்தக் கடை, மூணையும் ஒட்டுங்க. கடைப் பேரு எதுக்குன்னா, வண்டு வந்த மூட்டை எங்கிருந்து வந்துதுன்னு தெரிஞ்சா அடுத்த தடவை அங்க வாங்க மாட்டீங்க. வெல்லம் இந்தப் பட்டியல்ல இல்ல, நல்லது. ஆனியிலிருந்து கசிய ஆரம்பிக்கும், ரெண்டு ரெண்டு மாசத்துக்கு வாங்குங்க. பொடி உப்பைக் காத்துப் படாம பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க, ஈரம் பட்டா அயோடின் குறையும்.